பொம்மைக்குள் ஒரு கம்பி

பீங்கான் தொழிற்பேட்டைக்குப் பேர்போன விருத்தாசலத்தின் பொம்மைகளுக்கு எலும்பே கிடையாது. களிமண் கரைசலைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றி எடுப்பதால் உள்ளே வெறும் கூடு. கம்பி வைத்தால், காயும்போது மண் சுருங்கும், கம்பி சுருங்காது. விரிசல்தான் மிச்சம்.

கோபுரத்தில் நிற்கும் ஆளுயரச் சுதைச் சிலைகளின் கதை வேறு. நீட்டிய கைக்குள் இரும்புக் கம்பி ஓடும். விரிசல் வழியே மழைநீர் இறங்கினால் கம்பி துருப்பிடித்து உப்பும்; துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும். பூச்சு வெடித்து விரல் உதிரும்.

சரிசெய்ய, நல்ல கம்பி தெரியும்வரை பூச்சைக் கொத்த வேண்டும். துருவைத் தேய்த்தெடுத்து, இற்றுப்போன துண்டை வெட்டி, புதுக் கம்பியைப் பழையதோடு கட்டுக்கம்பியால் முறுக்கி, துருத்தடுப்புப் பூச்சு அடித்த பிறகுதான் சாந்து.

விரிசலை மட்டும் அடைத்துப் பெயின்ட் அடித்தால் அதே கை மறுபடி வெடிக்கும். திருப்பணிக்குப் பணம் கொடுக்கிறீர்களா? வண்ணத்தைப் பற்றிக் கேட்கும் முன் கம்பியைப் பற்றிக் கேளுங்கள்.