காவல் நாய்க்குப் புளியும் வெங்காயமும் ஆகாது

தர்மபுரி மாவட்டத்தில் மாசி முதல் சித்திரை வரை புளி உலுக்கும் காலம். பென்னாகரம், பாலக்கோடு, அரூர் வட்டாரங்களில் திண்ணையிலும் களத்திலும் பெண்கள் ஓடு உடைத்து, நாரும் கொட்டையும் நீக்கிப் புளியைக் குவித்து வைப்பார்கள். ஆட்டுப்பட்டியைக் காக்கும் நாயும் அருகிலேயே படுத்திருக்கும். அந்தப் புளி நாய்க்கு விஷமாகக்கூடும் என்று அண்மைக்காலம் வரை எங்களைப் போன்றோரும் எண்ணியதில்லை.

திராட்சை தின்ற நாய்களுக்குச் சிறுநீரகம் பழுதாவதை மேல்நாட்டுக் கால்நடை மருத்துவர்கள் முன்பே அறிவார்கள், காரணந்தான் புலப்படவில்லை. 2022-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வுக் கட்டுரை, புளி தின்ற நாய்களுக்கும் அதே கேடு நேர்ந்ததைக் காட்டி, இரண்டிலும் உள்ள டார்டாரிக் அமிலமே காரணமாகலாம் என்றது. 100 கிராம் திராட்சையில் இந்த அமிலம் ஒன்றிரண்டு கிராமுக்கு மேல் இராது. புளியிலோ 8 முதல் 18 கிராம் வரை உண்டு. நாம் தினமும் உண்டும் நமக்கு ஒன்றும் நேர்வதில்லை. நாயின் சிறுநீரகம் இதை வெளியேற்றும் திறனில் குறைந்தது என்று கருதப்படுகிறது.

"எங்கள் நாய் காலமெல்லாம் குழம்புச் சோறுதானே தின்கிறது" என்பீர்கள். உண்மைதான். எல்லா நாய்களையும் இது ஒன்றுபோல் தாக்குவதில்லை. குழம்பில் புளி நீர்த்தும் போகிறது. வெறும் புளியை நாய் மோந்து பார்த்துவிட்டு விலகிவிடும். ஆனால் உப்புக் கலந்த புளியுருண்டையும், கருவாட்டுக் குழம்பின் அடிமண்டியும் அப்படியல்ல, சுவைத்துத் தின்னும். நாய் எதையாவது தின்றுவிட்டால் புளியைக் கரைத்து வாயில் ஊற்றும் வழக்கம் சில இடங்களில் உண்டு. இதை அடியோடு விட்டுவிட வேண்டும். உப்புக் கரைசலும் கூடாது.

புளி தின்ற நாய் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் வாந்தி எடுக்கும், சோர்ந்து படுக்கும். இரண்டு மூன்று நாட்களில் சிறுநீர் குறைந்தால் நிலைமை முற்றிவிட்டது என்று பொருள். ஆகவே முதல் வாந்தியிலேயே கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு செல்லுங்கள். உடனே நரம்பு வழியாக மருந்து நீர் ஏற்றினால் பிழைக்க வாய்ப்புண்டு.

வெங்காயத்தின் வேலை வேறு. அது இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். வேகவைத்தாலும் வதக்கினாலும் அதன் கேடு போகாது. பூண்டும் இந்த இனமே. 15 கிலோ எடையுள்ள நாட்டு நாய்க்கு ஒரே வேளையில் 75 கிராம், அதாவது ஏறக்குறைய ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம், கெடுதல் செய்யப் போதுமானது. விருந்து நாளில் சட்டியை வழித்து ஊற்றினால் அவ்வளவு சேர்ந்துவிடும். தின்ற அன்று நாய் நன்றாகவே இருக்கும். மூன்று நான்கு நாள் கழித்துத்தான் ஈறு வெளுத்து, மூச்சு வாங்கி, சிறுநீர் காப்பி நிறத்தில் போகும். உண்ணிக் காய்ச்சலிலும் இதே குறிகள் காணப்படுவதால், அந்த வாரம் நாய் தின்றதை மருத்துவரிடம் மறவாமல் சொல்லுங்கள்.

குழம்பு ஊற்றுமுன்பே நாயின் பங்குக் களியைத் தனியே எடுத்து ஆறவைத்து, சிறிது மோர் விட்டோ, வேகவைத்த முட்டை ஒன்றைப் பிசைந்தோ வைக்கலாம்.