ஒரு துளி எண்ணெயும் ஓர் அகதி வரைந்த காரும்

அல்பேர்ட்டனில் உள்ள ஒரு வீட்டில், மகளின் திருமணத்திற்கு மூன்று வாரங்கள் இருக்கையில், மண்டபத்தைப் பற்றியோ சாப்பாட்டைப் பற்றியோ எவரும் பேசவில்லை. ஒரு காட்போட் மட்டையைப் பற்றியே பேசினார்கள். இரவில் முன்முற்றத்தில் நிற்கும் மொறிஸ் மைனர் காரின் கீழே அதனை விரித்துவிட்டுப் படுப்பர். விடிந்ததும் குடும்பத்தலைவர் இழுத்துப் பார்ப்பார். முதல் நாள் ஒரு பவுண் நாணயமளவு கறை இருந்தது. ஒரு கிழமையில் அது தோசையளவாகிவிட்டது.

கார் 1967 ஆம் ஆண்டில் செய்யப்பட்டது. குடும்பத்தலைவர் எனது ஊரவர். அவருடைய பெற்றோர் மணக்கோலத்தில் ஒரு மொறிஸ் மைனரில் ஊர்வலம் வந்த படம் ஒன்று மட்டும், எத்தனையோ இடப்பெயர்வுகளைத் தாண்டி, அவரிடம் எஞ்சியிருக்கின்றது. அத்தகைய காரில் மகளை மண்டபத்திற்கு அழைத்துச் செல்லவேண்டும் என்பது அவரது ஆசை. நாற்பது ஆண்டுகளைக் கடந்து, வரலாற்று வாகனமாகப் பதியப்பட்ட காருக்கு இந்நாட்டில் வீதிவரி இல்லை. 2023 ஆகஸ்ற் 29 முதல் லண்டன் முழுவதற்கும் விரிவாக்கப்பட்ட புகைக் கட்டணமும் இல்லை. ஆண்டுப் பரிசோதனையும் கட்டாயமில்லை. இவை எல்லாம் சலுகைகளே. ஆயினும் பரிசோதிப்பார் எவரும் இல்லையென்றால் காரின் நோயை உடையவரே கண்டுபிடித்தாக வேண்டும்.

கறை பெருத்ததோடு கிளட்ச்சும் வழுக்கத் தொடங்கியது. எஞ்சின் இரையும், கார் நகராது. அயலில் உள்ள ஒரு கராச்சில் காட்டியபோது, எண்ணெய் பம்ப் இருக்கும் பக்கத்தால் ஒழுகுகிறது, எஞ்சினையே இறக்கவேண்டும், கூலி காரின் விலையைவிடக் கூடும் என்றனர். அவர்களைக் குறைசொல்ல முடியாது. இக்காலக் கராச்சில் கணினியைச் செருகினால் நோய் திரையில் எழுதப்படும். மைனரில் செருகுவதற்கு இடமே கிடையாது.

அப்போதுதான் அண்ணையை அழைத்தனர். அவருக்கு இப்போது வயது எழுபத்திரண்டு. யாழ்ப்பாணத்தில் காங்கேசன்துறை வீதியில் சிறியதொரு கராச் வைத்திருந்தவர். லண்டனுக்கு வந்தபின் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பெற்றோல் நிலையமொன்றின் கண்ணாடிக்குப் பின்னால் இராவேலை செய்தார். தினமும் நூற்றுக்கணக்கான கார்கள் அவர் கண்முன்னே வந்து போயின. அவற்றுள் ஒன்றினுடைய பொனற்றையாவது திறந்து பார்க்கும்படி ஒருவரும் அவரைக் கேட்டதில்லை. அவரிடம் காட்டுவதற்குச் சான்றிதழ் இல்லை. கைகள் மட்டுமே இருந்தன. அந்தக் கைகளும் இப்போது சற்று நடுங்குகின்றன.

நான் கலைப் பட்டதாரி, ஓய்வுபெறுமுன்னரே வேலையை விட்ட பள்ளி ஆசிரியன். ஸ்பனர் எடுத்துக் கொடுப்பதே என் பணி. ஆயினும் இக்காரைப் பற்றி ஒரு செய்தியை வாசகர்களுக்குச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை.

மொறிஸ் மைனரை வடிவமைத்தவர் ஓர் அகதி. அலெக் இசிகோனிஸ் 1906 இல் சிமிர்னாவில், இன்றைய துருக்கியின் இஸ்மிர் நகரில், பிறந்தார். தந்தை பிரித்தானியக் குடியுரிமை பெற்ற கிரேக்கர், தாய் ஜேர்மன் வழிவந்தவர். 1922 இல் அந்நகர் போரில் வீழ்ந்து தீக்கிரையானபோது, பிரித்தானியக் கப்பலில் ஏற்றப்பட்டு மோல்ற்றாத் தீவில் இறக்கப்பட்டனர். தொழிற்சாலையும் வீடும் போயின. தந்தையார் மோல்ற்றாவிலேயே காலமானார். பதினாறு வயது மகனும் தாயும் 1923 இல் லண்டன் வந்து சேர்ந்தனர். மகன் பற்றர்சி பொலிரெக்னிக்கில் பொறியியல் படித்தான். கணிதத்தில் மூன்று முறை சித்தியடையவில்லை. எத்தனையோ பிள்ளைகளுக்குக் கணிதப் புள்ளியை வைத்து எதிர்காலம் சொன்ன ஆசிரியர் கூட்டத்தைச் சேர்ந்தவன் என்ற வகையில், இதனை எழுதும்போது எனக்குச் சிறிது கூச்சமாகவே உள்ளது.

1948 ஒக்ரோபரில் ஏள்ஸ் கோட் கண்காட்சியில் மைனர் அறிமுகமானது. செய்து முடித்த மாதிரிக் கார் ஒடுங்கியிருக்கிறது என்று பட்டதும், இசிகோனிஸ் அதனை நடுவால் இரண்டாகப் பிளந்து நான்கு அங்குலம் அகட்டினார். பொனற்றின் நடுவே ஓடும் தட்டையான மேடு அந்த நான்கு அங்குலத்தின் தழும்பு. நிறுவனத்தின் அதிபர் நஃபீல்ட் பிரபுவுக்குக் கார் பிடிக்கவில்லை, அவித்த முட்டைபோல் இருக்கிறது என்றார். அந்த அவித்த முட்டை 1971 வரையில் பதின்மூன்று இலட்சத்திற்கு மேல் விற்றது. பிரித்தானியக் கார்களுள் முதலில் பத்து இலட்சத்தைத் தொட்டதும் அதுவே. 1959 இல் வெளிவந்த மினியையும் அவரே வரைந்தார்.

எமது மண்ணில் மைனர் நீண்ட காலம் உயிர் வாழ்ந்ததற்கு வேறு காரணம். இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் புதிய கார் வாங்கமுடியாத நாட்டில் பழைய கார் சாகக்கூடாது. 1990 இல் யாழ்ப்பாணத்திற்கு எரிபொருள் தடைப்பட்டபின் இக்கார்களின் மதிப்பு மேலும் உயர்ந்தது. அமுக்கம் குறைந்த பழைய எஞ்சின் மண்ணெண்ணெயில் ஓடும். ஒரு மூடி பெற்றோலில் உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். என் தந்தையாரின் வாடகைக் காரும் அவ்வாறே ஓடியது. பெரும்பாலும் பெரியாஸ்பத்திரிக்குத்தான்.

ஆனால் மண்ணெண்ணெய் முழுவதும் எரியாது. எரியாத பகுதி பிஸ்ரன் வளையங்களைத் தாண்டிச் சம்ப்பில் இறங்கி எண்ணெயை நீர்க்கச் செய்யும். நீர்த்த எண்ணெய்க்கு அழுத்தம் ஏறாது. அத்துடன் சிறு இடைவெளி எங்கிருந்தாலும் கசியும். 1993 இல் அண்ணை எங்கள் காரின் பம்ப்பை முதன்முதலாகக் கழற்றினார். கஸ்கெற் வாங்கக் கடையில்லை. நான் பல்கலைக்கழகக் குறிப்புக் கொப்பியின் மட்டையைக் கிழித்துக் கொடுத்தேன். அவர் அதனைப் பம்ப்பின் முகத்தில் வைத்து, குண்டுச் சுத்தியலால் விளிம்பைச் சுற்றி மெல்லத் தட்டினார். மட்டை தானே வெட்டுப்பட்டது. துளைகளைத் தட்டும் வேலையை ஆசையோடு நான் கேட்டு வாங்கினேன்.

எல்லாம் பூட்டி முடித்தபின், பிளக்குகளைக் கழற்றிவிட்டு முன்னால் ஹாண்டிலைச் செருகிச் சுற்றினோம். பில்ரருக்குச் செல்லும் குழாயைத் தளர்த்தி வைத்திருந்தார். அதில் எண்ணெய் எட்டிப் பார்க்கவேண்டும். நூறு சுற்று, இருநூறு சுற்று. ஒரு துளியும் வரவில்லை. அண்ணை ஒன்றும் பேசாமல் முழுவதையும் மீண்டும் இறக்கினார். எண்ணெய் உட்செல்லும் வாயின் மேல் என் மட்டை முழுதாக மூடிக் கிடந்தது. போல்ற் துளைகளைத் தட்டியவன் எண்ணெய்த் துளையை மறந்துவிட்டேன். அப்படியே எஞ்சினை ஓட்டியிருந்தால் சில நிமிடங்களில் பெயறிங்குகள் உருகிச் சிக்கியிருக்கும். அந்தக் காரில்தான் 1995 ஒக்ரோபர் 30 இரவு, வலிகாமம் முழுவதும் தெருவில் இறங்கியபோது, நடக்கமாட்டாத அப்பம்மாவைச் சாவகச்சேரி கொண்டுபோய்ச் சேர்த்தோம். காரை அங்கு ஒரு வளவில் விட்டோம். பின்னர் அதனைக் காணவில்லை.

இனி அல்பேர்ட்டனுக்கு வருவோம்.

"மாஸ்ரர், கழுவாமல் ஒண்டும் சொல்லேலாது" என்றார் அண்ணை. எஞ்சினின் வெளிப்புறத்தை முதலில் துப்புரவாகக் கழுவித் துடைத்தோம். பின் மணப்பெண்ணின் முகப்பவுடரைக் கேட்டு வாங்கி எங்கும் தூவினார். பத்து நிமிடம் எஞ்சினை ஓட்டி நிறுத்தினோம். பவுடர் நனைந்த இடமே ஒழுகும் இடம். பக்கத்திலுள்ள மூடிகள் உலர்ந்திருந்தன. எஞ்சினும் கியர்பெட்டியும் சேரும் மணிக்கூட்டின் அடியில் ஒரு துளையும், அதில் ஆடிக்கொண்டிருக்கும் ஒரு பிளவு ஊசியும் உண்டு. துளை அடைபடாமல் இருப்பதற்காகவே அந்த ஊசி ஆடுகிறது. எண்ணெய் அதன் வழியாகத்தான் வடிந்தது.

இந்த எஞ்சினில் பம்ப் இருக்கும் இடம் விசித்திரமானது. கேம்பிறிட்ஜ் கார்களின் எஞ்சினில் அது கீழே, சம்ப்பினுள் இருக்கும். மைனரில் அது எஞ்சினின் பின்முகத்தில், கம் தண்டின் நுனியில் கொழுவப்பட்டுச் சுழல்கிறது. அதற்கு மேல் பின்தகடு, அதன்மேல் பிளைவீல், அதன்மேல் கிளட்ச், அதன்மேல் கியர்பெட்டி. கை நீட்டினால் எட்டாது. ஆகவே கராச்காரர் எஞ்சினை இறக்கவேண்டும் என்றது உண்மையே.

எஞ்சின் தூக்கும் சாதனத்தை வார இறுதிக்கு வாடகைக்கு எடுத்தோம். பற்றரி இணைப்பு, தண்ணீர், எண்ணெய், பொனற், றேடியேற்றர் என ஒவ்வொன்றாக நீங்கின. கழற்றிய வயர்களுக்கெல்லாம் நான் தமிழில் சீட்டு எழுதி ஒட்டினேன். மணப்பெண்ணின் தம்பிக்கு, பத்தொன்பது வயது, தமிழ் எழுத்து அரைகுறை. பூட்டும்போது அவன் அவற்றை எழுத்துக்கூட்டி வாசிக்க நேர்ந்தது எதிர்பாராத இலாபம். ஒரு விடயத்தில் அண்ணை கண்டிப்பாக இருந்தார். ஜக்கை மட்டும் நம்பி எவரும் காரின் கீழே தலையை வைக்கக்கூடாது, இரும்புத் தாங்கிகள் வைத்தே இறங்கவேண்டும்.

கியர்பெட்டியைக் கீழிருந்து தாங்கிக்கொண்டு எஞ்சினை முன்னுக்கு இழுத்துத் தூக்கினோம். கிளட்ச் தட்டு எண்ணெயில் ஊறியிருந்தது. ஊறிய தட்டைக் கழுவிப் போடலாமா என்று குடும்பத்தலைவர் கேட்டார். கூடாது, புதிது வாங்குங்கள் என்றார் அண்ணை. பிளைவீலைக் கழற்றுமுன் அதிலும் தண்டிலும் பொருந்த ஒரு புள்ளி குத்தினார். பின்தகடு வந்ததும் பம்ப் தெரிந்தது. அதன் கடதாசிக் கஸ்கெற் கருகிய அப்பளம்போல் நொறுங்கியது. பின்தகட்டுக் கஸ்கெற்றும் அவ்வாறே. பம்ப்பின் போல்ற்றுகளுள் ஒன்று விரலாலேயே சுழன்றது.

பம்ப்பினுள் பூப்போன்ற இரு உருளைகள் ஒன்றினுள் ஒன்று சுழல்கின்றன. உள்ளே இருப்பதற்கு ஓர் இதழ் குறைவு. அந்த இதழ் வித்தியாசத்தில் உண்டாகும் வெளிதான் எண்ணெயை உறிஞ்சித் தள்ளுகிறது. இடைவெளியை மெல்லிய அளவுத் தகடுகளால் பார்க்கவேண்டும். உருளையின் முகத்திற்கும் மூடிக்கும் இடையில் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஐந்து பங்குக்கு மேலும், வெளியுருளைக்கும் கூட்டுக்கும் இடையில் ஆயிரத்தில் பத்துப் பங்குக்கு மேலும் போகக்கூடாது. அண்ணையின் கை நடுங்கியதால் தகட்டைத் தம்பியிடம் கொடுத்தார். அவன் செருகினான், இவர் கண்ணை மூடிக்கொண்டு, இறுக்கமா, இளக்கமா என்று மட்டும் கேட்டார். பம்ப் தேயவில்லை. புதியது தேவைப்படவில்லை.

கஸ்கெற்றுகள் தபாலில் வந்தன. விலை ஒரு நேரச் சாப்பாட்டின் விலையே. பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயார் என்பவர் 1990களில் இலங்கையிலேயே இக்காருக்கான உதிரிப்பாகங்களைச் செய்விக்க முற்பட்டார். நாம் வந்துகொண்டிருந்த அதே காலத்தில் மைனரின் பாகங்களும் அங்கிருந்து வந்தன, ஆனால் அவற்றை எவரும் விமான நிலையத்தில் மறித்து விசாரித்திருக்கமாட்டார்கள்.

முகங்களைச் சுரண்டிக் கண்ணாடிபோல் துடைத்தோம். தம்பி சிலிக்கன் பசைக் குழாயைக் கொண்டுவந்தான். பம்ப்பில் அதனைப் பூசினால் உள்ளே பிதுங்கி உதிர்ந்து எண்ணெய் வழியை அடைக்கும் என்று அண்ணை தடுத்தார். கடதாசியில் எண்ணெய் மட்டும் தடவினார். பின்னர் கஸ்கெற்றை என்னிடம் நீட்டி, "மாஸ்ரர், துளையை ஒருக்கால் பாருங்கோ" என்றார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அவர் மறக்கவில்லை. நான் இரண்டு முறை வைத்துப் பார்த்தேன். எண்ணெய் செல்லும் வாய்களும் வரும் வாய்களும் திறந்தே இருந்தன.

பம்ப்பை எண்ணெயால் நிரப்பி, அதன் நுனி கம் தண்டில் சரியாக அமரும்வரை சுழற்றி வைத்துப் பூட்டினார். போல்ற்றுகள் குறுக்குமறுக்காகச் சிறிது சிறிதாக இறுக்கப்பட்டன. கிளட்ச் தட்டை நடுவில் நிறுத்த, துடைப்பத் தடியைச் சீவி ஒரு முளை செய்தார். எஞ்சின் ஏறியபின் பிளக்குகள் இல்லாமலே ஸ்ராட்டரால் சுற்றினோம். எண்ணெய் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. எவரும் மூச்சு விடவில்லை. பின் அது அணைந்தது. அதற்குப் பிறகே பிளக்குகள் பூட்டப்பட்டன.

வடித்த பழைய எண்ணெயைச் சிலர் தெருக் கானில் ஊற்றுகின்றனர். அது குற்றம். உள்ளூராட்சிக் கழிவு நிலையங்களில் அதற்கென்று தொட்டி உண்டு.

திருமணநாள் காலை காரை அண்ணையே ஓட்டினார். வெம்பிளி வீதியில் இரண்டு இடத்தில் அயலவர் நின்று கையசைத்தனர். மணப்பெண் பின்னிருக்கையில் பாட்டனாரின் படத்தை மடியில் வைத்திருந்தாள்.

மறுநாள் காலை குடும்பத்தலைவர் தொலைபேசியில் அழைத்தார். குரலில் பதற்றம். மட்டையில் மீண்டும் ஒரு துளி விழுந்திருக்கிறதாம். அண்ணையிடம் சொன்னேன். இந்த எஞ்சினில் கிறாங் தண்டின் பின்முனைக்கு றப்பர் சீல் கிடையாது, திருகுப்புரிபோன்ற ஒரு வெட்டு மட்டுமே எண்ணெயை உள்ளே திருப்பிவிடுகிறது, எஞ்சின் நின்றதும் அதற்கு வேலையில்லை என்று விளக்கினார்.

"எத்தனை துளி?"

"ஒன்று."

"அது விழும். விழாட்டித்தான் சம்ப்பில எண்ணெய் இருக்கோ எண்டு பாக்க வேணும்."