சம்பைத் தடுக்கச் சம்பு

ஃப்ளோரிடா மாநிலத்தின் பெல் கிளேட் ஊரில், வேளாண் ஆராய்ச்சி நிலையத்துக்குள் ஒரு கான்கிரீட் தூண் நிற்கிறது. நீளம் 9 அடி. 1924-இல் அடிப்பாறையைத் தொடும்வரை அதை இறக்கினார்கள். அன்று அதன் தலை தரையோடு தரையாக இருந்தது. இன்று ஓர் ஆள் உயரத்துக்கு வெளியே தெரிகிறது. தூண் எழும்பவில்லை, மண் இறங்கிவிட்டது.

ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தண்ணீருக்கடியில் புல் மட்கிச் சேர்ந்த கரிய மண் அது. விவசாயத்துக்காக நீரை வடித்ததும் காற்றுப் பட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போகிறது. அதில் அடைபட்டிருந்த பாஸ்பரஸ் மழைநீரோடு வாய்க்காலில் இறங்குகிறது. கரும்புக்கும் காய்கறிக்கும் போட்ட உரத்தின் மிச்சமும் கூடவே போகிறது. அந்தத் தண்ணீர் தெற்கே போய்ச் சேரும் இடம்தான் எவர்கிளேட்ஸ்.

சதுப்பு என்று சொன்னாலும் அது தேங்கிய நீர் அல்ல. ஒக்கீச்சோபி ஏரி நிரம்பி வழிந்த நீர், மைலுக்கு ஏறத்தாழ 2 அங்குலமே சரிந்த நிலத்தில், கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் நகர்ந்து ஃப்ளோரிடா விரிகுடாவில் கலந்தது. 1928 புயலில் அந்த ஏரி உடைத்துக்கொண்டு வந்து 2,500 பேராவது மாண்டார்கள். அதன்பின் ஏரியைச் சுற்றிப் பெரிய கரை எழுந்தது. 1948-க்குப் பிறகு கால்வாயும் மதகும் பம்பு நிலையங்களும் வந்தன. ஏரிக்குத் தெற்கே ஏறத்தாழ 7 லட்சம் ஏக்கர் விளைநிலம் ஆயிற்று. எவர்கிளேட்ஸில் பாதி போய்விட்டது. மீதிப் பாதிக்குக் காய்ந்தபோது தண்ணீர் இல்லை, வந்தபோது அது உரத் தண்ணீர்.

உரம் வந்தால் பயிருக்கு நல்லதுதானே? அங்கே கதை வேறு. எவர்கிளேட்ஸின் வாள்புல் (கோரைக் குடும்பம், இலை விளிம்பு கையைக் கிழித்துவிடும்) பட்டினியில் வாழப் பழகிய செடி. அங்கே பாஸ்பரஸுக்குச் சட்டம் வைத்திருக்கும் அளவு, நீரில் 100 கோடியில் 10 பங்கு. 12,000 லிட்டர் தண்ணீர் லாரி ஒன்றில் 0.12 கிராம், ஒரு சிட்டிகை உப்பைவிடக் குறைவு. அதைத் தாண்டி ஏற ஏற, சம்பு என்னும் உயரமான நீர்ச்செடி வந்து உட்கார்ந்துகொள்ளும். சம்பு அடைத்த இடத்தில் வெயில் நீருக்குள் இறங்காது, பாசிப்படலம் அழியும். அதைத் தின்னும் சிற்றுயிர், அந்தச் சிற்றுயிரைத் தின்னும் மீன், மீனைத் தேடி வரும் கொக்கு என்று வரிசையாக இடம் காலியாகும்.

1988-இல் அமெரிக்க மத்திய அரசே ஃப்ளோரிடாவின் மீது வழக்குப் போட்டது. 1994-இல் மாநிலம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. விளைநிலத்துக்கும் சதுப்புக்கும் நடுவே, தண்ணீரை வடிகட்டச் செயற்கைச் சதுப்புகளை வெட்டுவது என்று முடிவாயிற்று. இன்று அவை 60,000 ஏக்கருக்கு மேல்.

பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். வடிகட்ட இயந்திரம் இல்லை, ரசாயனம் இல்லை. கரை போட்டுப் பிரித்த பிரம்மாண்டமான பாத்திகள், நடுவே மதகுகள், முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீர். முதல் பாத்தியில் வேலை பார்ப்பது யார் தெரியுமா? சம்பு! சதுப்பில் யாரை நுழையவிடக் கூடாது என்று இத்தனை பாடோ, அதே செடி இங்கே பாஸ்பரஸை வயிறு நிறைய உறிஞ்சுகிறது. அடுத்த பாத்திகளில் நீருக்குள் மூழ்கி வளரும் பாசிகளும் கொடிகளும். அங்கே தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம். செடிகள் பகல் வெயிலில் நீரின் காரத்தன்மையை ஏற்ற, சுண்ணாம்பு திரிந்து பாஸ்பரஸையும் பிடித்துக்கொண்டு அடியில் படிகிறது.

சிக்கல் என்னவென்றால், இது உயிருள்ள வடிகட்டி. ஒரு புயல் மழையில் தண்ணீர் நாலடி ஏறி நின்றால் சம்பு வேரோடு கிளம்பி மிதக்கும். வறண்ட மாதங்களில் பாத்தி காய்ந்தால் மூழ்கு செடிகள் செத்துப்போகும். மறுபடி நீர் வந்ததும், மண்ணில் அடங்கியிருந்த பாஸ்பரஸ் திரும்பக் கரைந்து எழும். அளந்து ஊட்ட வேண்டிய பிள்ளை. அதனால்தான் வடிகட்டும் இடத்துக்கு முன்னால் சேமிக்கும் இடம் வேண்டியிருக்கிறது. மழைக்காலத்தில் வாங்கி வைத்து, வறண்ட மாதங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க ஒரு தொட்டி. வெறும் வெள்ளத் தடுப்பு என்று அதை நினைத்துக்கொண்டால் பாதிதான் புரியும்.

இப்போது கட்டிக்கொண்டிருக்கும் பெரிய நீர்த்தேக்கம் அந்த வகை. பரப்பு 10,500 ஏக்கர், ஆழம் 23 அடி அளவில், கொள்ளளவு நம் கணக்கில் சுமார் 10.4 டிஎம்சி. பக்கத்திலேயே 6,500 ஏக்கரில் புதிய வடிகட்டுச் சதுப்பு. நீர்த்தேக்கம் ராணுவப் பொறியாளர் படையின் பொறுப்பில் தொடங்கியது. சதுப்பை மாநிலம் 2024-லேயே முடித்துவிட்டது. பிள்ளை பிறந்துவிட்டது, பால் புட்டி இன்னும் வரவில்லை.

ஏன் 23 அடி ஆழம் என்பதற்குப் பதில் பொறியியலில் இல்லை, நிலத்தில் இருக்கிறது. 2008-இல் அன்றைய ஆளுநர் சார்லி கிறிஸ்ட், எவர்கிளேட்ஸ் மீட்புக்காக யு.எஸ். சுகர் நிறுவனத்தின் 1,87,000 ஏக்கரை 175 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக அறிவித்தார். 2010-இல் கைக்கு வந்தது 26,800 ஏக்கர். நிலம் சுருங்கியதும் தண்ணீர் மேல்நோக்கி வளர்ந்தது. சேமிப்புக்கு ஏற்ற அளவில் வடிகட்டும் பரப்பு இல்லை என்று சூழலியலாளர்களில் ஒரு தரப்பு சொல்லிக்கொண்டிருக்கிறது. அது நியாயமான கவலை என்றே எனக்கும் படுகிறது. ஆழத்தில் தண்ணீரை அடுக்கலாம். செடிக்கு வெயில் பட அகலம்தானே வேண்டும்?

பிடித்த பாஸ்பரஸும் மாயமாகிவிடுவதில்லை. தொடங்கிய நாளிலிருந்து 3,000 டன்னுக்கு மேல் தடுத்திருக்கிறார்கள். அதில் பெரும்பகுதி பாத்திகளின் அடிச்சேற்றில்தான் கிடக்கிறது. சேறு ஏறிச் செடி சோர்ந்த பாத்தியை வடித்து, உலரவிட்டு, மண்ணைச் சீர்செய்து மறுபடி நட வேண்டும். ஆனால் நீர் வடிந்த தரையைக் கண்டதும் நெடுங்கால் உள்ளான்கள் வந்து முட்டையிட்டுவிடும். சட்டம் காக்கும் பறவை அது. வானம் இருட்டிக்கொண்டு வந்தாலும், குஞ்சுகள் எழுந்து போகும்வரை கூட்டை மூழ்கடிக்கும் அளவுக்கு அந்தப் பாத்தியின் மதகைத் திறக்கக் கூடாது. மழைத் தண்ணீர் வேறு பாத்திக்குப் போகும்.