தை முதல் வைகாசி வரை: டெல்டாவின் கபடிப் பருவமும் நம் மாணவர்களும்

காவிரி டெல்டாவில் கபடிக்கு ஒரு பருவம் உண்டு. அதைத் தீர்மானிப்பது மேட்டூர் அணையின் தண்ணீர். வழக்கமான ஆண்டுகளில் ஜூன் 12-இல் திறக்கும் அணை ஜனவரி 28-இல் மூடப்படுகிறது. சம்பா அறுவடை முடிந்து வயல் காய்ந்ததும் ஊர்களில் கபடி நோட்டீஸ் ஒட்டத் தொடங்குவார்கள். அடுத்த தண்ணீர் வரும்வரை, தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் ஏதாவது ஓர் ஊரில் மின்னொளிக் கபடி நடந்துகொண்டே இருக்கும். உளுந்தும் பயறும் தெளித்த வயலில் கால் வைக்க முடியாது. ஆகவே கோயில் திடல், களம், பல ஊர்களில் நம் பள்ளி மைதானம்.

இந்தப் பருவம் நம் கல்வி ஆண்டின் மிக நெருக்கடியான மாதங்களில் வருகிறது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுகள் மாசி, பங்குனியில். ஆடுகிறவர்களில் கணிசமானவர்கள் நம் மாணவர்கள். திங்கட்கிழமை காலை முதல் பாடவேளையில் தலை கவிழ்ந்து தூங்கும் பையனைப் பற்றி ஒரு முடிவுக்கு வரும் முன், ஊர்ப் போட்டி எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

ஒரு சிறு கணக்கு. வெளியேற்று முறையில் 32 அணிகள் வந்தால் மொத்தம் 31 ஆட்டங்கள் (ஒவ்வோர் ஆட்டத்திலும் ஓர் அணி வெளியேறும், கடைசியில் ஒன்றுதான் மிஞ்சும். ஏழாம் வகுப்பில் இதைக் கேட்டுப் பாருங்கள், கபடி ஆடும் மாணவர் முதலில் கை தூக்குவார்). முறையான ஆண்கள் ஆட்டம் 20 நிமிடம் வீதம் இரு பகுதிகள். அப்படி ஆடினால் இரண்டு நாளிலும் முடியாது என்பதால் ஊர்ப் போட்டிகளில் நேரத்தைக் குறைத்துவிடுகிறார்கள். ஆட்டத்துக்கு 20 நிமிடம் என்று வைத்தாலும் 31 ஆட்டங்களுக்கு 10 மணி 20 நிமிடம் ஆகிறது. இரவு ஏழு மணிக்குத் தொடங்கினால் இறுதி ஆட்டம் விடியற்காலையில்தான். இடையில் சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்தும் நேரத்தை இதில் சேர்க்கவில்லை.

நோட்டீஸில் இன்னொரு வரியைக் கவனிக்க வேண்டும்: ‘55 கிலோ எடைப் பிரிவு’. சப்-ஜூனியர் ஆண்கள் பிரிவுக்கு வயது, எடை இரண்டிலும் அமெச்சூர் கபடிக் கூட்டமைப்பின் வரம்பு உண்டு. ஊர்ப் போட்டிகளில் பெரும்பாலும் வயதை விட்டுவிட்டு எடையை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். விளைவு, 57 கிலோ இருக்கும் பையன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல், தண்ணீரையும் குறைத்து, பங்குனி வெயிலில் கனத்த சட்டை போட்டுக்கொண்டு ஓடுகிறான். இரண்டு நாளில் அப்படிக் குறைவது பெரும்பாலும் உடம்பின் நீர். உடல் எடையில் 2 விழுக்காடு நீர் குறைந்தாலே, அதாவது 55 கிலோவுக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல், உடல் உழைப்புத் திறனும் கவனமும் தளரும். அந்த நிலையில்தான் அவனைவிட மூத்தவர்களுடன் நள்ளிரவில் ஆடுகிறான். மதிய உணவு வேளையில் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருக்கும் கபடி மாணவரிடம் காரணம் கேட்க உடற்கல்வி ஆசிரியராக இருக்க வேண்டியதில்லை.

இவ்வளவையும் சொல்வது ஊர்க் கபடியைக் குறைத்துப் பேச அல்ல. டெல்டாவின் ஆட்டத்திறன் அந்தத் திடல்களில்தான் வளர்கிறது. தஞ்சாவூர் மாவட்டம் திருச்சென்னம்பூண்டியில் பிறந்த தர்மராஜ் சேரலாதன் 2016-இல் பாட்னா பைரேட்ஸ் அணித்தலைவராகப் புரோ கபடிக் கோப்பையை வென்றார். அதே ஆண்டு அகமதாபாத்தில் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். அப்போது அவருக்கு வயது 41. திருவாரூர் மாவட்டம் வடுவூரைச் சேர்ந்த அபினேஷ் மோகன்தாஸ் 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற ஆண்கள் அணியில் ஆடினார். மன்னார்குடிப் பக்கம் வடுவூர் என்றால் பறவைகள் சரணாலயத்துக்கு அடுத்து கபடிதான் பேச்சு.

ஆனால் திடலில் வென்ற கோப்பைக்கும் மாணவரின் எதிர்காலத்துக்கும் இடையே ஓர் இடைவெளி இருக்கிறது. பல பெற்றோருக்கு அது தெரியாது. தமிழ்நாடு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. கல்லூரிச் சேர்க்கையிலும் விளையாட்டுப் பிரிவு உண்டு. இரண்டுக்கும் அங்கீகரிக்கப்பட்ட போட்டிகளின் சான்றிதழ்தான் வேண்டும். ஊர் நற்பணி மன்றம் கொடுத்த ஆளுயரக் கோப்பையும் ரொக்கப் பரிசும் அங்கே கணக்கில் வராது. கணக்கில் வரும் பாதை நம் பள்ளியிலிருந்து தொடங்குகிறது: குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம், அதன்பின் இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பின் தேசியப் போட்டி. 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என மூன்று பிரிவுகள். இதனுடன் முதலமைச்சர் கோப்பை.

குறுவட்டப் போட்டிகள் ஜூலை, ஆகஸ்ட் வாக்கில் வந்துவிடும். ஊர்ப் பருவம் முடிந்து ஓரிரு மாதம்தான் இடைவெளி. வைகாசி வரை திடலில் நின்ற மாணவர் முழங்கால் வலியோடு குறுவட்டத்துக்கு வராமல் போனால் அந்த ஆண்டு அவருக்குச் சான்றிதழ் இல்லை. வயதுப் பிரிவில் ஓர் ஆண்டைத் தவறவிட்டால் திரும்பக் கிடைக்காது. இதை மாணவரிடமும் பெற்றோரிடமும் தை மாதமே சொல்லிவிடுவது பயன்தரும். ஆடியில் சொல்லிப் பயனில்லை.

மாணவிகளின் நிலை வேறு. இரவுப் போட்டிகளில் பெண்கள் ஆட்டம் குறைவு; இருந்தாலும் இரவில் மகளை வெளியூர் அனுப்பும் வீடுகள் அதைவிடக் குறைவு. பள்ளிப் பருவம்தான் அவர்களுக்கு ஏறக்குறைய ஒரே வாய்ப்பு. பஹ்ரைனில் பெண்கள் அணியும் தங்கம் வென்றது. அதில் சென்னை கண்ணகி நகரைச் சேர்ந்த கார்த்திகா ஆடினார். பெண்களுக்கான களம் 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம் (ஆண்களுக்கு 13-க்கு 10). அவ்வளவு இடம் இல்லாத பள்ளி அபூர்வம். மைதானம் முழுவதையும் கிரிக்கெட் மட்டைகள் பிடித்துக்கொள்ளும் மாலையில் அந்த 12 மீட்டரை மாணவிகளுக்கு ஒதுக்க ஆசிரியர் ஒருவர் அங்கே நிற்க வேண்டியிருக்கும்.

கடைசியாக, காயம். டெல்டாவின் களிமண் கோடையில் காய்ந்தால் கல். மணல் கொட்டித் தண்ணீர் தெளித்து இளக்காத களத்தில் ரைடர் மேல் மூன்று பேர் விழும்போது முதலில் தரையில் மோதுவது பெரும்பாலும் தலை அல்லது தோள். 2022 ஜூலையில் பண்ருட்டி அருகே ஒரு கல்லூரி மாணவர் கபடி ஆடும்போதே உயிரிழந்தார். கபடியைப் போலவே ஆளை ஆள் பிடித்து வீழ்த்தும் ரக்பியில், சிற்றூர்க் கிளப்புகளின் அமெச்சூர் ஆட்டங்களுக்கும் ஒரே விதி: தலையில் பலமாக அடிபட்டதாகச் சந்தேகம் வந்தாலே ஆளை வெளியே அழைத்துவிட வேண்டும், அன்று மறுபடி இறக்கக் கூடாது. நினைவு தப்பியிருக்க வேண்டும் என்பதில்லை. தலைவலி, வாந்தி, தடுமாற்றம், கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்பது, எந்த அணியோடு ஆடுகிறோம் என்று மறப்பது, இவற்றில் ஒன்று போதும். அறிகுறிகள் சில மணி நேரம் கழித்தும் வரலாம். அதாவது, மறுநாள் நம் வகுப்பறையில். அப்படிப்பட்ட மாணவரை உடனே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

பள்ளி மைதானத்தைப் போட்டிக்குக் கேட்டு வரும் அமைப்பாளர்களிடம், அனுமதி தரும் அதிகாரம் உள்ளவர்கள் சில நிபந்தனைகளைக் கேட்கலாம்: களத்தை இளக்கி மணல் பரப்புவது, முதலுதவி தெரிந்த ஒருவர், இரவு முழுதும் ஒரு வண்டி, பள்ளி மாணவர் ஆடும் ஆட்டங்களை முதலில் வைத்துப் பத்து மணிக்குள் முடிப்பது. ஊர்க்காரர்கள் பெரும்பாலும் மறுப்பதில்லை. நோட்டீஸ் அச்சுக்குப் போகும் முன் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.