கிட்னி நோயாளிக்கு மறதி வந்தால், வயது மேல் பழி போடாதீர்கள்

கிரியாட்டினின் எவ்வளவு, பொட்டாசியம் எவ்வளவு, போன முறை எத்தனை கிலோ தண்ணீர் எடுத்தார்கள் என்றெல்லாம் டயாலிசிஸ் நோயாளியின் குடும்பத்தார் மனப்பாடமாகச் சொல்வார்கள். ‘காலையில் போட்ட மாத்திரையை மதியம் மறுபடியும் போட்டுக்கொள்கிறார்’ என்பதை மட்டும் டாக்டரிடம் சொல்வதில்லை. வயதாகிவிட்டது என்று விட்டுவிடுகிறார்கள். அப்படி விடக் கூடாது.

55 வயதும் அதற்கு மேலும் ஆன 338 ஹீமோடயாலிசிஸ் நோயாளிகளைப் பரிசோதித்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2006-இல் வெளியானது. நினைவாற்றலும் சிந்தனையும் இயல்பாக இருந்தவர்கள் அவர்களில் எட்டில் ஒருவர்தான். மூன்றில் ஒருவருக்கும் மேலானோருக்குக் கடுமையான குறைபாடு இருந்தது. ஆனால் வெகு சிலருடைய மருத்துவக் கோப்பில்தான் அது பதிவாகியிருந்தது.

ஸ்கேனில் என்ன தெரியும்?

சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் சிறுநீரகத்தின் நுண்ணிய ரத்தக் குழாய்களைக் கெடுக்கும்போது மூளையின் குழாய்களையும் விட்டுவைப்பதில்லை. எம்ஆர்ஐ எடுத்தால் மூளையில் வெள்ளைத் திட்டுகள், நோயாளிக்கே தெரியாமல் வந்துபோன சிறு பக்கவாதங்களின் தழும்புகள், புள்ளி புள்ளியான ரத்தக் கசிவுகள், மூளைச் சுருக்கம் ஆகியவை தெரியலாம்.

இரண்டு டயாலிசிஸுக்கு நடுவே ஏறிய எடையை அவசரமாக இறக்கினால் பி.பி. விழும், மூளைக்குப் போகும் ரத்தமும் குறையும். டயாலிசிஸ் திரவத்தை உடல் வெப்பத்தைவிட அரை டிகிரி குளிர்வாக வைத்தபோது, ஓராண்டில் மூளையின் வெண்பொருள் கெடாமல் காக்கப்பட்டதை 2015-இல் பிரிட்டன் ஆய்வு ஒன்று காட்டியது. அடிக்கடி பி.பி. இறங்குபவர்கள் இதைப் பற்றி டாக்டரிடம் கேட்கலாம்.

உடனே கவனித்தால் சரியாகக்கூடியவை

ரத்தக் கொதிப்பு எகிறி, கடும் தலைவலி, பார்வை மங்கல், வலிப்பு வந்தால் மூளையின் பின்பகுதி வீங்கியிருக்கலாம். தாமதிக்காமல் சிகிச்சை கொடுத்தால் பெரும்பாலும் வீக்கம் வடிந்துவிடும். உடனே 108-ஐ அழையுங்கள்.

செஃபிபைம், பேக்லோஃபென், கேபாபென்டின் போன்ற மருந்துகளைச் சிறுநீரகத்தின் திறனுக்கேற்ப அளவு குறைக்காமல் கொடுத்தால், உடலில் தேங்கிக் குழப்பத்தை உண்டாக்கும். எந்த டாக்டரிடம் போனாலும் கிட்னி நோயை முதலில் சொல்லுங்கள். நட்சத்திரப் பழத்தைத் தொடவே வேண்டாம். அதைச் சாப்பிட்டபின் விக்கல் நிற்காமல் வந்தால் அது நச்சின் அறிகுறி. குழப்பமும் வலிப்பும் தொடரலாம்.

கான்ட்ராஸ்ட் ஊசி போடும் முன்

எம்ஆர்ஐக்கு முன் போடும் கடோலினியம் என்ற கான்ட்ராஸ்ட் ஊசியால், சிறுநீரகம் செயலிழந்த சிலருக்குத் தோல் இறுகி மூட்டுகள் முடங்கின. இந்த நோய் முதலில் கவனிக்கப்பட்டது 1997-இல். ஊசிக்கும் அதற்கும் உள்ள தொடர்பு 2006-இல் தெரியவந்தது. மறு ஆண்டே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கடும் எச்சரிக்கை விடுத்தது. இன்றைய புதிய வகை மருந்துகளில் இந்த ஆபத்து மிக மிகக் குறைவு. ஆகவே தேவையான ஸ்கேனைப் பயந்து மறுக்க வேண்டாம். மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: கான்ட்ராஸ்ட் அவசியமா? எந்த மருந்து? என் ஜிஎஃப்ஆர் அளவை (சிறுநீரகம் வடிகட்டும் திறனை) பார்த்தீர்களா? மேலே சொன்ன மாற்றங்களில் பெரும்பாலானவை ஊசி இல்லாமலே தெரியும்.

உங்கள் உரிமை

ஆபத்தையும் மாற்று வழியையும் புரியும் மொழியில் விளக்கிய பிறகே ஒப்புதல் கையெழுத்து வாங்க வேண்டும். மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கின்றன 2002-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவ கவுன்சில் விதிகள். ஸ்கேன் அறிக்கையோடு படங்களையும் எழுத்து மூலம் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

கட்டணம் வாங்கும் மருத்துவமனையின் கவனக்குறைவால் பாதிக்கப்பட்டால் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். வழி தெரியாதவர்கள் 1915-ஐ அழைக்கலாம். டாக்டரின் நடத்தை பற்றிய புகாருக்குத் தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் இருக்கிறது. அரசு மருத்துவமனை என்றால் கண்காணிப்பாளரிடம் எழுதிக் கொடுங்கள், 104-லும் சொல்லலாம்.

மாற்றுச் சிறுநீரகம் பொருத்திய பிறகு மூளையின் ரத்த ஓட்டம் சீராவதை ஸ்கேன் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எனவே மறதியைச் சொன்னால் மாற்றுச் சிறுநீரகம் கிடைக்காமல் போய்விடுமோ என்று மறைக்காதீர்கள். மறதி, தடுமாற்றம், பகல் முழுக்கத் தூக்கம் ஆகியவற்றைத் தேதி போட்டு எழுதி, அடுத்த டயாலிசிஸ் அன்றே டாக்டர் கையில் கொடுங்கள்.