புல்வெட்டும் மெஷின் ஸ்டார்ட் ஆகவில்லையா? கார்ப்ரேட்டரைக் கழற்றும் முன்...

ஐப்பசி மழை விட்டதும் தோப்பிலும் பள்ளிக்கூட மைதானத்திலும் புல் முழங்கால் உயரத்துக்கு வந்துவிடுகிறது. கோடையில் மூலையில் போட்ட மெஷினை அப்போதுதான் வெளியே எடுக்கிறார்கள். தோள்பட்டை கழன்றுவிடும்போலக் கயிற்றை இழுத்தும் அது உறுமுவதில்லை. அதன்பின் நடப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. வாரண்டி முடியாத மெஷினின் கார்ப்ரேட்டரைத் தெருமுனை பைக் மெக்கானிக் கழற்றிப் பரப்புகிறார். இல்லையென்றால் மெஷினைக் கவிழ்த்துப் போட்டு, பிளேடில் சிக்கிய புல்லை வெறுங்கையால் பிடுங்குகிறார்கள். ஒன்றில் பணம் போகும், மற்றதில் விரல் போகும்.

முதலில் விரலைக் காப்பாற்றுவோம். பிளேடுப் பக்கம் கை போவதற்கு முன், ஸ்பார்க் பிளக்கின் கேப்பை இழுத்துக் கழற்றித் தள்ளி வையுங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது. தள்ளிக்கொண்டு போகும் மோவரில் பிளேடு எஞ்சின் தண்டிலேயே மாட்டியிருக்கும். பிளேடைக் கையால் திருப்பினாலும் கயிற்றை இழுத்தாலும் எஞ்சினுக்கு ஒன்றுதான். கைப்பிடியோடு சேர்த்துப் பிடிக்க வேண்டிய கம்பி ஒன்று இருக்கிறதே, அதை விட்டால் எஞ்சின் நின்றுவிடும், பிடிக்காமல் இழுத்தால் ஸ்டார்ட்டே ஆகாது. "மெஷின் ரிப்பேர்" என்று தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு முன் அதைப் பிடித்தீர்களா என்று பாருங்கள். தொந்தரவாக இருக்கிறதென்று அதைச் சணலால் கட்டிவைப்பவர்களைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது. தடுக்கி விழுந்தால் பிளேடை நிறுத்த வேறு எதுவும் இல்லை.

அடுத்தது பெட்ரோல். ஸ்டார்ட் ஆகாததற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். பாதி காலியான டேங்கில் மாதக்கணக்கில் கிடந்தால், ஈரம் ஏறிய எத்தனால் பிரிந்து அடியில் தங்கிவிடும். எஞ்சினுக்குப் போகும் குழாய் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். போதாக்குறைக்கு, பழைய பெட்ரோல் பிசின்போல ஒட்டி கார்ப்ரேட்டரின் நுண்துளையை அடைத்துவிடும். பழையதை முழுக்க வடித்துவிட்டுப் புதிது ஊற்றுங்கள். பழையதோடு புதியதைக் கலக்காதீர்கள். சீசன் முடிந்தால் டேங்கைக் காலி செய்து, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓட்டிவிட்டு வையுங்கள்.

தோளில் மாட்டும் டூ ஸ்ட்ரோக் பிரஷ் கட்டருக்கு 2டி ஆயில் கலந்த பெட்ரோல்தான் ஊற்ற வேண்டும். கையேட்டில் 50:1 என்றிருந்தால் லிட்டருக்கு 20 மில்லி, 25:1 என்றிருந்தால் 40 மில்லி. ஃபோர் ஸ்ட்ரோக் மோவரில் ஆயிலுக்குத் தனி இடம் உண்டு. அதன் பெட்ரோலில் ஆயிலைக் கலக்கவே கூடாது. பெட்ரோலைக் குளிர்பான பாட்டிலில் வாங்கி வைப்பதையும் விட்டுவிடுங்கள். லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் வைக்கும் சிறு அளவு பெட்ரோலுக்கு 1934ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டம் கண்ணாடி, பீங்கான், உலோகக் கலன்களை மட்டுமே சொல்கிறது.

அப்புறம் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், அது எல்லாவற்றையும் சொல்லிவிடும். முனை நனைந்திருந்தால் பெட்ரோல் ஓவர்ஃப்ளோ ஆகிவிட்டது. எஞ்சின் ஒருமுறை இருமியதும் சோக்கைத் திறக்காமல் மேலும் மேலும் இழுத்ததன் விளைவு இது. சுவிட்சை அணைத்து, பிளக் இல்லாமலே நாலைந்து முறை கயிற்றை இழுத்து, துடைத்து உலரவிட்டு மாட்டுங்கள். காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை என்று பொருள். கரி அப்பியிருந்தால் ஏர் ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பெட்ரோல் சிந்திய இடத்தில் பொறி வருகிறதா என்று சோதிக்க வேண்டாம், புது பிளக் மாட்டினாலே தெரிந்துவிடும். கல்லில் பிளேடு மோதிய பிறகு ஸ்டார்ட் ஆகவில்லையென்றால் ஃப்ளைவீலைத் தண்டோடு பிணைக்கும் கீ வெட்டுப்பட்டிருக்கலாம். அது சர்வீஸ் சென்டர் வேலை.

வாரண்டி இருக்கும்போது இதற்கு மேல் கைவைக்காதீர்கள். வெளியாள் திறந்தார் என்ற ஒரு வரி போதும், கம்பெனி கைகழுவிவிடும். சர்வீஸ் சென்டரில் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் தேதி, எஞ்சின் எண், உங்கள் புகார், மாற்றிய பாகம் எல்லாம் எழுதிய ஜாப் கார்டைக் கேட்டு வாங்குங்கள். "அதெல்லாம் வேண்டாம் சார், நம்ம கடைதானே" என்பார்கள். வேண்டும். தர மறுத்தால் அதே விவரத்தை அன்றே மின்னஞ்சலிலும் ஸ்பீடு போஸ்ட்டிலும் அனுப்புங்கள். வாய்ப்பேச்சுக்குச் சாட்சி இல்லை.

மானியத்தில் வாங்கியவர்கள் புகாரின் நகலை வேளாண்மைப் பொறியியல் துறையின் உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தில் கொடுத்து, முத்திரையிட்ட ஒப்புகை வாங்குங்கள். சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் விலையில் பாதிவரை அரசு தருகிறது. மெஷினை ஒப்படைக்கும்போது போட்டோ எடுக்கக் காட்டும் அக்கறையில் கொஞ்சத்தை ஆயில் கலக்கச் சொல்லித் தருவதிலும் காட்டினால் பாதிப் புகார்கள் வராது.

அப்படியும் தீரவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்து புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் அது சமரசத்துக்கான வழி மட்டுமே, அங்கே பதிவு செய்தால் வழக்குப் போட்டதாகாது. வழக்கு என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குத்தான் போக வேண்டும், அதை நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம். கடை எந்த ஊரில் இருந்தாலும் பரவாயில்லை. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. மெஷினை வைத்துத் தானே உழைத்துப் பிழைப்பவரும் சட்டப்படி நுகர்வோர்தான், "தொழிலுக்கு வாங்கினது, கேஸ் நிற்காது" என்று கடைக்காரர் சொன்னால் நம்பிவிடாதீர்கள். மனுவில் கடையையும் தயாரிப்பாளரையும் எதிர்தரப்பாகச் சேர்த்து, பில், வாரண்டி கார்டு, ஜாப் கார்டுகள், அனுப்பிய கடிதம், தபால் ரசீது ஆகியவற்றின் நகல்களோடு பிரமாண வாக்குமூலத்தையும் இணையுங்கள். வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகள்தான் கெடு. 1915இல் பதில் வரட்டும் என்று காத்திருந்தாலும் அந்தக் கெடு ஓடிக்கொண்டேதான் இருக்கும்.