துணைத்தொழில் வருமான வரி

துணைத்தொழில் வருமான வரி என்பது முழுநேரப் பணியில் சம்பளம் பெறும் ஒருவர், அத்துடன் நடத்தும் தொழிலில் ஈட்டும் வருமானத்தின் மீது செலுத்தும் வரியைக் குறிக்கும். இந்தியாவில் இதற்கெனத் தனி வரி இல்லை. சம்பளமும் தொழில் வருமானமும் கூட்டப்பட்டு, மொத்தத்தின் மீது வரி கணக்கிடப்படுகிறது. கோயம்புத்தூர், திருப்பூர் உள்ளிட்ட கொங்கு நாட்டுப் பகுதிகளில் ஆலையிலோ அலுவலகத்திலோ பணிபுரிந்துகொண்டே விசைத்தறி, கறவை மாடு, கோழிப்பண்ணை, தென்னந்தோப்பு ஆகியவற்றையும் கவனிப்போர் உள்ளனர்.

1961 ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்துக்குப் பதிலாக 2025 ஆம் ஆண்டுச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பிரிவு எண்கள் மாறினாலும் இங்கு கூறப்படும் அடிப்படை விதிகள் தொடர்கின்றன.

வருமானத்தின் வகைகள்

* வேளாண்மை: பொள்ளாச்சிப் பகுதித் தோப்பில் விளையும் தேங்காயை விற்பது வேளாண் வருமானம் ஆகும். இதற்கு வருமான வரி இல்லை. எனினும் 5,000 ரூபாய்க்கு மேற்பட்டால், பிற வருமானத்துக்கான வரி விகிதத்தைக் கணிக்க இது சேர்க்கப்படலாம்.
* பால், கோழி: கூட்டுறவுச் சங்கத்துக்குப் பால் ஊற்றுவதும், பல்லடம் பகுதியில் நடைபெறும் கறிக்கோழி வளர்ப்பும் வேளாண்மையாகக் கருதப்படுவதில்லை. இவை தொழில் வருமானமாகும்.
* கூலி நெசவு: சோமனூர், பல்லடம் பகுதிகளில் பிறர் தரும் பாவையும் ஊடை நூலையும் கொண்டு துணி நெய்து பெறும் கூலி தொழில் வருமானமாகும்.

கணக்கிடும் முறை

சிறுதொழில் செய்வோர் அனுமான வருமான முறையைத் தேர்ந்தெடுக்கலாம். இதன்படி வங்கி வழியாகப் பெற்ற வரவில் 6 விழுக்காடும், ரொக்க வரவில் 8 விழுக்காடும், அல்லது அதைவிடக் கூடுதலாக ஈட்டியிருப்பின் அத்தொகையும், வருமானமாகக் கொள்ளப்படும். ஆண்டு வரவு 2 கோடி ரூபாய் வரை இம்முறை பொருந்தும். ரொக்க வரவு 5 விழுக்காட்டைத் தாண்டாவிட்டால் இவ்வரம்பு 3 கோடி ஆகும். தரகு, முகவர் தொழில்களுக்கு இது பொருந்தாது.

எடுத்துக்காட்டு

2025–26 நிதியாண்டு முதல் புதிய வரி முறையில், வரிக்குரிய சம்பள, தொழில் வருமானம் 12 இலட்சம் ரூபாய் வரை இருந்தால் தள்ளுபடியால் வரி இல்லை. கழிவு போக ஒருவரின் சம்பளம் 11,80,000 ரூபாய் எனில், நிறுவனம் வரி எதுவும் பிடிக்காது. அவர் வங்கி வழியாக 18 இலட்சம் ரூபாய் நெசவுக்கூலி பெற்றால், அதில் 6 விழுக்காடான 1,08,000 ரூபாய் சேர்ந்து மொத்தம் 12,88,000 ரூபாய் ஆகிறது. தள்ளுபடி நீங்கிவிடுவதால் வரி 73,200 ரூபாயும், 4 விழுக்காடு மேல்வரியுடன் 76,128 ரூபாயும் ஆகும். கூலி கொடுத்தவர் 1 விழுக்காடாக 18,000 ரூபாயை மூலத்திலேயே பிடித்திருந்தால், எஞ்சிய 58,128 ரூபாயை அவரே செலுத்த வேண்டும். நிறுவனம் தரும் வரிப்பிடித்தச் சான்றிதழில் வரி இல்லை என்றிருப்பது இக்கடமையை நீக்காது.

முன்கூட்டிய வரி

பிடித்தம் போகச் செலுத்த வேண்டிய வரி 10,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் எனில், நிதியாண்டுக்குள்ளேயே முன்கூட்டிய வரி கட்ட வேண்டும். அனுமான முறையில் உள்ளோர் முழுத்தொகையையும் மார்ச் 15 க்குள் ஒரே தவணையில் கட்டலாம். மற்றவர்களுக்கு சூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் என நான்கு தவணைகள் உண்டு. தவறினால் மாதத்துக்கு 1 விழுக்காடு வட்டி சேரும். துணைத்தொழில் வருமானத்தை நிறுவனத்திடம் தெரிவித்துச் சம்பளத்திலேயே கூடுதலாகப் பிடிக்கச் செய்வதும் ஒரு வழியாகும்.

சரக்கு மற்றும் சேவை வரி

2017 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள இவ்வரிக்கு இலாபம் அன்றி விற்றுமுதலே அளவுகோலாகும். சம்பளம் இதில் சேராது. தமிழ்நாட்டில் பொருள் மட்டும் விற்போருக்குப் பதிவு வரம்பு பொதுவாக 40 இலட்சம் ரூபாய். சேவை வழங்குவோருக்கு 20 இலட்சம். சொந்த நூலில் நெய்து துணி விற்பது பொருள் விற்பனை. கூலி நெசவு சேவை. எனவே ஒரே தறிக்கூடத்துக்கு வரம்பு வேறுபடும்.

நட்டமும் குடும்பத்தினர் பெயரும்

தொழில் நட்டத்தைச் சம்பளத்தில் கழிக்க இயலாது. உரிய காலத்தில் கணக்குத் தாக்கல் செய்தால், பொதுவாக 8 ஆண்டுகள் வரை பிந்தைய தொழில் வருமானத்தில் ஈடுசெய்யலாம். கணவர் ஈடின்றித் தந்த பணத்தைக் கொண்டு மனைவி பெயரில் தொழில் நடந்தால், அந்த முதலீட்டின் அளவுக்கு ஏற்ற வருமானம் கணவரின் வருமானத்தோடு சேர்க்கப்படும். மனைவி தம் சொந்தப் பணத்தில் நடத்தினால் அது அவருடைய வருமானமே.

பணி விதிகள்

வரி செலுத்துவது தொழில் நடத்துவதற்கான அனுமதி ஆகாது. மாநில அரசு ஊழியர்களுக்கு 1973 ஆம் ஆண்டுத் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் இதில் கட்டுப்பாடு விதிக்கின்றன. தனியார் ஊழியர்களுக்குப் பணி ஒப்பந்தம் பொருந்தும்.